தேரடியில் தொலைந்தது யார்? நினைவு வேலை செய்யும் விதமும் அது காலை வாரும் விதமும்

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் தொலைந்துபோனேன். கூட்டம் நெரித்ததில் அம்மாவின் கை நழுவிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எங்கும் வேட்டிகளும் புடவைக் கொசுவங்களும்தான். தேரடி மூலையில் பொரிகடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைத் தூக்கித் தன் தள்ளுவண்டியில் உட்காரவைத்தார். அழுகையை நிறுத்தக் கையில் பஞ்சுமிட்டாயைத் திணித்தார். வியர்த்த கையில் அது பிசுபிசுவென்று ஒட்டி, உள்ளங்கையெல்லாம் ரோஸ் நிறமானது இன்றைக்கும் கண்முன் நிற்கிறது.

இவ்வளவு துல்லியமான நினைவில் ஒரே ஒரு கோளாறு. அன்று தொலைந்தவன் என் அண்ணன். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மாவின் இடுப்பில் இருந்தேன். இதைச் சொன்னவர் அம்மா. சாட்சிக்கு இரண்டு சித்திகள். அண்ணனோ, இத்தனை ஆண்டுகளாக அவனுடைய கதையைத் திருடி என் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருக்கிறான். நான் பொய் சொல்லவில்லை. பஞ்சுமிட்டாயின் ஒட்டல் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று தேடப்போய்த்தான் நினைவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

நினைவு என்றதும் நமக்குத் தோன்றும் படம் ஒரு பீரோ. கைப்பேசித் தலைமுறைக்கு அது கேலரி. நடந்தது உள்ளே போய் அடுக்கில் உட்கார்ந்துகொள்கிறது, வேண்டும்போது எடுத்துப் பார்க்கிறோம், கிடைக்காவிட்டால் அதன் பெயர் மறதி. மூளைக்குள் அப்படி ஓர் அடுக்கு கிடையாது. பாட்டி வைத்த ரசத்தை அவர் போன பிறகு நாம் வைத்துப் பார்ப்பது போன்றதுதான் நினைவுகூர்வது. புளியும் மிளகும் கட்டாயம் இருக்கும். விட்டுப்போன இடத்தை வீட்டில் இருக்கும் சாமானைக் கொண்டு நிரப்பிக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வைக்கிறோம். ருசி கிட்டத்தட்ட அதுவாகவே இருந்துவிடுவதால் 'இது பாட்டி ரசமேதான்' என்று சத்தியம் செய்கிறோம்.

முதலில், புளி உள்ளே வந்ததா என்று பார்க்க வேண்டும். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறம் என்ன படம் இருக்கிறது? பையைத் திறக்காமல் சொல்லுங்கள். எத்தனை நூறு முறை அந்த நோட்டை எண்ணிக் கொடுத்திருப்போம்! இருந்தும் பெரும்பாலோர் விழிப்பார்கள். (ஹம்பியின் கல் தேர். தேர் என்னை விடுவதாக இல்லை.) 1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதையேதான் ஒரு சென்ட் காசை வைத்துச் செய்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அதைக் கையாண்டவர்களால் அதில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சரியாக வரைய முடியவில்லை. காசைச் செலவழிக்க அதன் நிறமும் அளவும் போதும் என்பதால் மற்றதை மூளை உள்ளே விடவே இல்லை.

மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன், வீட்டைப் பூட்டினேனா, கேஸை அணைத்தேனா என்ற அன்றாடப் பாடுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் கணிப்பு. அதை மறதி என்று சொல்வதே தவறு. பூட்டும்போது மனம் பஸ் நேரத்தில் இருந்தது. பூட்டியது பதிவாகவே இல்லை. பதியாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது?

இந்த இடத்தில் நம் மொழி ஒரு விஷயத்தை முன்பே சொல்லி வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் பலர் கேட்கும் கேள்விகளை மனத்தில் வாங்கி, வரிசை மாறாமல் பதில் சொல்லும் கலைக்கு அவதானம் என்று பெயர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கத்தில் நூறு செயல்களுக்கு ஈடுகொடுத்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார். பார்ப்பவர்கள் 'என்ன ஞாபகசக்தி!' என்று வாய் பிளக்கிறோம். ஆனால் அவதானம் என்ற சொல்லுக்குப் பொருள் கவனம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'அவதானமாகப் போங்கள்' என்கிறார்கள். அந்தக் கலைக்குத் தமிழில் கவனகம் என்ற பெயரும் உண்டு. ஞாபகம் என்ற சொல் இரண்டு பெயரிலும் இல்லை.

கவனித்து உள்ளே வாங்கியது முதலில் நிற்கும் இடம் மிகச் சிறியது. வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது, ஆறு இலக்கம். குறுஞ்செய்தியைப் பார்த்து, திரையை மாற்றி, வாய்க்குள் முணுமுணுத்தபடியே தட்டுகிறோம். நடுவில் யாராவது 'காபி வேண்டுமா?' என்று கேட்டால் போயிற்று. இந்த இடத்துக்குச் செயல்படு நினைவு என்று பெயர். எழுதி அழிக்கும் சிலேட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதன் கொள்ளளவு ஏறத்தாழ ஏழு என்றார். பிற்கால ஆய்வாளர்கள் நான்குக்கு அருகே குறைத்துவிட்டார்கள். குறள் வெண்பாவுக்கும் ஏழு சீர்தான் என்று இதோடு முடிச்சுப் போடும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். நான் அந்த முடிச்சைப் போடமாட்டேன். ஆனால் மில்லர் சொன்னதில் இன்னொன்று உண்டு: எண்ணிக்கை பொருள்களுக்கு அல்ல, பொட்டலங்களுக்கு. 1, 9, 4, 7 தனித்தனியாக நான்கு; 1947 என்றால் ஒன்று. எதுகையும் மோனையும் செய்வது இந்த வேலையைத்தான். ஒரு சொல்லின் முதல் எழுத்தோ இரண்டாம் எழுத்தோ அடுத்ததை இழுத்துக்கொண்டு வருவதால் நான்கு அடி ஒரே சரடாகிவிடுகிறது. ஓலைச்சுவடி எல்லார் கைக்கும் எட்டாத காலத்தில் வைத்தியத்தையும் சோதிடத்தையும் கூடச் செய்யுளில் எழுதி வைத்ததற்கு இது நல்ல காரணம்.

சிலேட்டில் இருப்பது நிலையான இடத்துக்குப் போக ஒரு வாசல் உண்டு. அந்த வாசல் இருப்பதே ஒரு மனிதரின் வாழ்க்கை பாழானதால்தான் தெரிய வந்தது.

ஹென்றி மொலேசன் 1926இல் பிறந்த அமெரிக்கர். சிறு வயதிலிருந்து வலிப்பு நோய். இளைஞராகும்போது வேலைக்குப் போக முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அவர் மண்டையைத் திறந்து, மூளையின் இரு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக இருந்த ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்தார். அதில் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் போயிற்று. கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அதற்குக் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். வலிப்பு குறைந்தது. அறிவுத்திறன் அப்படியே இருந்தது. பேச்சு, மரியாதை, நகைச்சுவை எதிலும் குறைவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குள் தங்கவில்லை.

கனடாவின் மான்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பரிசோதிக்க வந்தார். காலையில் பேசிவிட்டு வெளியே போய் அவர் திரும்பி வந்தால், ஹென்றிக்கு அவர் புதிய ஆள். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னார் மில்னர். கால் மணி நேரம் கழித்தும் ஹென்றி சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்ன வழி இது: மூன்றையும் கூட்டினால் 17. எட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 17இல் 8 போனால் 9. ஒன்பதை இரண்டாகப் பிரித்தால் 5, 4. ஆக 584. கால் மணி நேரமும் இந்தக் கணக்கையே மனத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம் ஆனதும் எண் மட்டும் போகவில்லை, எண் ஒன்று கொடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியவில்லை. சிலேட்டு நன்றாகவே இருக்கிறது, அதிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதும் கணக்கப்பிள்ளைதான் இல்லை.

இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். ஆனால் கையைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாகவே ஓடும். ஹென்றிக்கும் ஓடியது. மூன்று நாள் தொடர்ந்து செய்யவைத்தார் மில்னர். மூன்றாம் நாள் ஹென்றியின் கை தவறில்லாமல் போனது. அதற்கு முன் அதைச் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. இவ்வளவு எளிதாக வந்துவிட்டதே என்று அவரே வியந்தாராம்.

நினைவு ஒரே பொருள் அல்ல என்று அன்று தெரிந்தது. நேற்று என்ன நடந்தது என்ற நினைவு ஒரு பாதை. சைக்கிள் ஓட்டுவது, இடியாப்பம் பிழிவது, வீணை மீட்டுவது போன்ற கைப்பழக்கம் வேறொரு பாதை. முதியவர் ஒருவர் பேரன் பெயரை மறந்தும், கோலத்தின் புள்ளிக் கணக்கில் பிசகாமல் இருப்பதைப் பார்த்து 'இதெல்லாம் மட்டும் மறக்காது!' என்று சலித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. சலிப்பதற்கு ஒன்றுமில்லை, அது உண்மையிலேயே வேறு இடம். இன்னொன்றும் தெரிந்தது: ஹென்றிக்குத் தன் சிறுவயது நினைவு இருந்தது. ஆகவே ஹிப்போகேம்பஸ் பழைய நினைவுகளின் கிடங்கு அல்ல. புதியவற்றைக் கட்டும் பட்டறை. ஹென்றி 2008இல் 82 வயதில் இறந்தார். அதுவரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் வெறும் எச்.எம். அவர் மூளையைப் பிறகு அமெரிக்காவின் சான் டியேகோவில் 2,401 மெல்லிய சீவல்களாகச் சீவிப் பாதுகாத்தார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம் ஒவ்வொரு ஆய்வாளரையும் முதன்முதலாகச் சந்தித்து, முகம் சுளிக்காமல் ஒத்துழைத்த மனிதர் அவர்.

பட்டறையில் என்னதான் நடக்கிறது? நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது; அதைத் தாண்டி வேதிப்பொருள் வழியாகச் செய்தி போகிறது. இரண்டு அணுக்கள் சேர்ந்து சேர்ந்து வேலை செய்தால் அந்த இணைப்பு வலுவாகிறது. ஆள் நடக்க நடக்க வயலில் ஒற்றையடிப் பாதை விழுவது போல. 1973இல் டிம் பிளிஸ், தேரியே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகேம்பஸில் இந்த வலுவூட்டல் மணிக்கணக்கில் நீடிப்பதைக் காட்டினார்கள். எரிக் கேண்டல் ஒரு கடல் நத்தையை வைத்து இன்னும் உள்ளே போனார்: சற்று நேரம் நிற்கும் நினைவுக்கு இருக்கும் இணைப்பைத் தூண்டிவிட்டால் போதும். நாள் கணக்கில் நிற்க வேண்டுமானால் அணு புதிய புரதங்களைச் செய்து, புதிய இணைப்புகளையே முளைக்கவைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

புரதம் செய்ய நேரம் ஆகும். சிமெண்டுப் பூச்சு காய்வது போலத்தான். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு அடிபடுவதற்கு முந்தைய சில நிமிடங்கள் காணாமல் போவது இதனால். ஈரம் காயும் முன்பே சுவர் இடிந்துவிட்டது. அளவு மீறிக் குடித்தவர் இரவெல்லாம் பேசியது காலையில் துளிக்கூட நினைவில்லை என்று சொன்னால், உடனே நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. மது பட்டறையையே மூடிவிடுகிறது. உறக்கத்தில் இந்தப் பூச்சு வேலை மும்முரமாக நடக்கிறது. விழித்திருக்கும்போது எலி ஓடிய பாதையின் அணு வரிசை பிறகு உறக்கத்தில் அதன் ஹிப்போகேம்பஸில் திரும்ப ஒளிர்வதை 1990களில் பதிவு செய்திருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பது, பூசிக்கொண்டே தண்ணீரையும் ஊற்றுவது போல. என் பிள்ளைகள் இதைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

காய்ந்த பிறகும் கரையும். எவ்வளவு வேகமாக என்று முதலில் அளந்தவர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். 1885இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தவரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. பொருளுள்ள சொல் என்றால் முன்பே தெரிந்தது உதவிக்கு வந்துவிடும் என்று, பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் செய்து உருப்போட்டார். மீண்டும் உருப்போடும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு மணி நேரத்தில் அது 44. ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது; அதன் பிறகு மிஞ்சியது பிடிவாதமாகத் தங்குகிறது. பள்ளியில் படித்தது ஒன்றும் நினைவில்லை என்பவரிடம் அதே பாடத்தைக் கொடுத்தால், புதிதாகப் படிப்பவரைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார். சுவடு அழியவில்லை, மங்கியிருக்கிறது.

பதிந்திருக்கிறது, காயவும் செய்திருக்கிறது, இருந்தும் வரமாட்டேன் என்கிறது என்றால் அது வேறு வகைத் தொல்லை. திருமண வீட்டில் ஒருவர் 'என்னைத் தெரிகிறதா?' என்று சிரித்தபடி வந்து நிற்கிறார். அவர் மெக்கானிக் கடை வைத்திருந்தது தெரிகிறது, கறை படிந்த விரல் தெரிகிறது, அவர் வீட்டுக் கறுப்பு நாய் கூடத் தெரிகிறது. பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது. முதல் எழுத்து 'ச' என்று கூடத் தோன்றும். மெக்கானிக் என்ற செய்திக்கு ஸ்பேனர், கிரீஸ், கடை வாசல் என்று பல கொக்கிகள் உண்டு. சுரேஷ் என்ற பெயர் வேறு எதையும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. மேலும் தெரிந்த சுரேஷ், ரமேஷ், சதீஷ் எல்லாரும் வாசலில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். தவறான ஒன்று முன்னால் வந்துவிட்டால் சரியானது பின்னுக்குத் தள்ளப்படும். அப்போது முட்டி மோதுவதில் பயனில்லை. பேச்சை மாற்றினால், பந்தியில் பாயசம் வரும்போது தானாக வந்துவிடும். அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று திகைப்பவர், திரும்பக் கூடத்துக்கு வந்து நின்றதும் நினைவு வருவதும் இதோடு சேர்ந்ததுதான். எண்ணம் பிறந்த இடமே அதற்குக் கொக்கி.

இதுவரை சொன்னவை எல்லாம் நமக்குத் தெரிந்து நடக்கும் தவறுகள். 'ஞாபகம் இல்லை' என்று சொல்கிறோம், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. ஞாபகம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்போதுதான் ஆபத்து.

1984 ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் கல்லூரி மாணவி ஒருவரின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து அவரை வன்கொடுமை செய்தான். உயிர் பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று, அந்தப் பயங்கரத்திலும் அவர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்து மனத்தில் பதியவைத்துக்கொண்டார். கவனக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. காவலர்கள் ஆறு புகைப்படங்களை வைத்தார்கள். சில நிமிடம் பார்த்து ரொனால்ட் காட்டன் என்ற இளைஞரின் படத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறகு ஆட்களை நேரில் நிறுத்தியபோதும் காட்டனையே காட்டினார். படத்திலும் நேரிலும் இருந்தவர் காட்டன் மட்டும்தான். நீங்கள் படத்தில் காட்டியவரும் அவரே என்று காவலர்கள் சொன்னார்கள். சந்தேகம் தீர்ந்தது. 1985இல் காட்டன் சிறைக்குப் போனார்.

சிறையில் பாபி பூல் என்ற இன்னொரு கைதி இருந்தான். அந்தக் குற்றத்தைச் செய்தது தான்தான் என்று அவன் பிறரிடம் சொன்னதாகத் தெரிய வந்தது. 1987இல் மறுவிசாரணையின்போது அவனை நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவனை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார் அவர். 1995இல் டிஎன்ஏ பரிசோதனை உண்மையைச் சொன்னது: குற்றவாளி பூல். காட்டன் பத்து ஆண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆறு படங்களில் ஒன்றை எடுத்த கணத்தில், இருட்டில் பார்த்த முகத்தின்மேல் படத்தின் முகம் படிந்தது. நேரில் பார்த்தபோது இன்னொரு பூச்சு. காவலரின் தலையசைப்பு மூன்றாவது. ஒவ்வொரு முறை அந்த இரவை நினைத்தபோதும் அதில் வந்தது காட்டனின் முகம். கடைசியில் உண்மையானவனே எதிரில் நின்றபோது அவனுக்கு அங்கே இடமில்லை.

இப்படிப் படிவதை எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் அதற்குப் பத்து ஆண்டு முன்பே ஆய்வகத்தில் காட்டியிருந்தார். 1974இல் ஒரு கார் விபத்தின் படத்தைப் பலருக்குப் போட்டுக்காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டார். சிலரிடம் 'இடித்துக்கொண்டபோது', சிலரிடம் 'நொறுங்க மோதியபோது'. நொறுங்கியதாகக் கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நொறுங்கிய குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இடித்த குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஒரே ஒரு வினைச்சொல் செய்த வேலை. குறுக்கு விசாரணை பார்த்த வழக்கறிஞர்களுக்கு இது செய்தியே அல்ல.

அவருடைய இன்னொரு ஆய்வைப் படித்தபோது எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. 1995இல் வெளியானது. 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதில் நடந்த மூன்று உண்மைச் சம்பவங்களோடு, நடக்காத ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள்: ஐந்து வயதுவாக்கில் பெரிய கடை ஒன்றில் நீ தொலைந்துபோனாய், அழுதாய், வயதான ஒருவர் கண்டுபிடித்துச் சேர்த்தார். நான்கில் ஒருவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ 'நினைவுகூர்ந்தார்'. சிறிய ஆய்வு, விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் தொலைந்த குழந்தை, ஐந்து வயது, வயதானவர்! எனக்குக் கடை இல்லை, தேரடி. எனக்கு அதை ஊட்டியவர்கள் ஆய்வாளர்கள் இல்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த என் குடும்பத்தார். இரட்டையர்களிடம் 2001இல் நடந்த ஒரு ஆய்வில், ஒரே சம்பவத்தை இருவரும் தனக்கு நடந்தது என்று சொல்வது சாதாரணம் என்று கண்டிருக்கிறார்கள். ஒன்றரை வயதில் நடந்ததைப் பெரியவரான பின் நினைவுகூர யாராலும் முடிவதில்லை. மூன்று வயதுக்கு முந்தையது பொதுவாக வெறுமைதான்.

பெரிய சம்பவம் என்றால் அப்படியே கல்வெட்டாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் கடற்கரை ஊர்க்காரர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். அமெரிக்கர்களுக்கு அப்படி ஒரு நாள் 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் வெடித்த நாள். உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மறுநாள் காலையிலேயே தன் மாணவர்களிடம், செய்தி எப்படித் தெரிந்தது, யாரோடு இருந்தாய் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் திரும்பக் கேட்டார். 11 பேர் சொன்ன எதுவும் அவர்கள் முன்பு எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. முழுதும் ஒத்துப்போனவர்கள் மூன்று பேர். தவறாகச் சொன்னவர்களின் உறுதியில் குறைவே இல்லை. அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. உறுதியும் தெளிவும் உண்மைக்கு அத்தாட்சி என்று எண்ணுவதை நான் விட்டது இதைப் படித்த பிறகுதான்.

இது ஏன் என்பதற்கு 2000இல் கரீம் நாடர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எலிகளிடம் செய்த சோதனை ஒரு விடை தருகிறது. மணி ஒலித்தால் மின் அதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு அந்த நினைவைத் தூண்டிவிட்டு, உடனே மூளையில் புரதம் உண்டாவதைத் தடுத்தால், பழகிக் காய்ந்துபோன அந்தப் பயமே காணாமல் போனது. தூண்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் பயம் அப்படியே இருந்தது. நினைவை எடுக்கும்போது அது மீண்டும் ஈரமாகிறது என்று பொருள். எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது புதிதாகப் பூசி வைக்கிறோம். அப்போது பக்கத்தில் இருப்பதும் ஒட்டிக்கொள்ளும்.

இயற்கை ஏன் இவ்வளவு ஓட்டையாகச் செய்தது என்று கேட்கலாம். ஹிப்போகேம்பஸ் சேதமடைந்தவர்களிடம் 'ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள்' என்றபோது அவர்களால் காட்சியைக் கோர்க்க முடியவில்லை என்று 2007இல் தெரிந்தது. நேற்றைக் கட்டும் பட்டறைதான் நாளையையும் கட்டுகிறது. துண்டுகளைக் கலைத்துக் கோர்க்க முடிவதால்தான், இதுவரை நடக்காத ஒன்றுக்குத் திட்டம் போட முடிகிறது. அதன் விலை, சில சமயம் கோர்வை மாறிப்போவது. எதையும் மறக்காத சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்ற ரஷ்யர் இருந்தார். மனிதர்களின் முகம் நொடிக்கு நொடி மாறுகிறது, எப்படி அடையாளம் காண்பது என்று அவர் திண்டாடினார். எனக்கு அந்த வரம் வேண்டாம்.

படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லலாம். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது நெடுநாள் நிற்கிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் செய்த ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் சொல்லிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், வாசித்தவர்கள் 42. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'ஒப்பி' என்று உட்காரவைத்ததில் பாதி நியாயம் இருந்திருக்கிறது. பிரம்படி மற்ற பாதி. அதற்கு நியாயம் கிடையாது.

பெற்றோருக்கு வயதானால் வரும் கவலை வேறு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதோடு வருவது. சாவி எதற்கு என்றே புரியாமல் விழிப்பது, நாள்தோறும் போகும் தெருவில் வழி தவறுவது, சொன்னதையே ஐந்து நிமிடத்தில் திரும்பச் சொல்வது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாமே அல்சைமர் என்று பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவையும் இப்படிக் காட்டும், சரிசெய்யவும் முடியும்.

இதை எழுதி முடிக்கும் முன் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். தேரடியில் தொலைந்தது நீதான் என்று ஒப்புக்கொள்கிறேன் என்றேன். அவனுக்கு மகிழ்ச்சி. முழுக் கதையையும் சொன்னான். பொரிகடலை வண்டியில் பஞ்சுமிட்டாய் எப்படி இருக்கும், அவர் கொடுத்தது ஒரு பிடி பொட்டுக்கடலை என்றான். நியாயமான கேள்வி, நாற்பது ஆண்டில் எனக்குத் தோன்றவில்லை. பிறகு, அப்பா மொபெட்டில் வந்து இறங்கி அவனை வாரி எடுத்ததைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. அப்பா அந்த மொபெட்டை வாங்கியது நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தபடி சற்று யோசித்தார். "அது தேரோட்டம் இல்லையே," என்றார். "தெப்பம்."